படகு வாங்கியாச்சு... எங்கே கட்டுவது?

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 1969-ல் வந்து சேர்ந்த ஊர், இங்கிலாந்தின் ஃபால்மவுத். (அவருடைய 'சுஹைலி' நம்ம மும்பையில் கட்டிய தேக்குப் படகு!) இங்கே பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு, அதைக் கட்டிவைக்கும் இடம்தான் தலைவலி.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் சுமார் 5 மீட்டர் ஏறி இறங்கும். ஓடைப் பக்கம் வாடகை குறைவு. ஆனால், தண்ணீர் வற்றினால் வெறும் சேறு. அடிப்பகுதி ஆழமாக இறங்கும் படகு சாய்ந்து படுத்துவிடும். ஆழமான பக்கத்து மிதவையில் கட்டினால் எந்நேரமும் கிளம்பலாம். ஆனால், கிழக்குக் காற்று எழும்பினால் அலை நேராக அடிக்கும். கரைக்குத் துடுப்புப் படகுதான். மளிகைப் பையோடு மழையில் போய்ப் பாருங்கள், தெரியும்! இருந்தாலும் என் ஓட்டு ஆழத்துக்கே.

பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: மிதவைக்குக் கீழே இருக்கும் சங்கிலியைக் கடைசியாக எப்போது தூக்கிப் பார்த்தார்கள்? மேலே மிதவை பளபளக்கும். கீழே கண்ணி தேய்ந்திருக்கும். அது அறுந்தால், படகு பாறையில்தான்.