நாவற்குழிப் பாலம் வரைக்கும்

பின்னேரம் ஐந்தரை ஆனால் அம்மம்மா உரப்பையைத் தேடத் தொடங்கிவிடுவா. காணி உறுதி, அடையாள அட்டை, ரெண்டு சேலை, கொஞ்சம் மா. "பிள்ளை, கெதியா வெளிக்கிடு. பாலம் தாண்ட ஏலாமப் போகும்."

அவாவுக்கு ஒவ்வொரு பின்னேரமும் 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த அந்த இரவில் நாவற்குழிப் பாலத்தால் நடந்த சனத்தில் அவாவும் ஒராள். நான் அப்ப பிறக்கவே இல்லை. மத்தியானம் சாப்பிட்டதை மறக்கிற அம்மம்மாவுக்கு அந்த மழை மறக்கவில்லை. அல்சைமரில் அப்படித்தானாம், புது நினைவுகள்தான் முதலில் போகும்.

கிளினிக்கில் டொனெபெசில் தந்தார்கள், முதலில் 5 மில்லிகிராம். மூளையில் அசிற்றைல்கோலின் உடைபடுவதை அது குறைக்கும். செத்த கலங்களைத் திருப்பித் தராது. இது விளங்காமல் நாங்கள் மாதக்கணக்காக 'சுகம் வரும்' என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது கெட்ட கனவு. டொக்டரிட்டச் சொன்னதும் இரவுக் குளிசையைக் காலைக்கு மாற்றினார், கனவு குறைந்தது. பின்னேரப் பயம் குறையவில்லை.

"ஒரு நித்திரைக் குளிசையைக் குடுங்கோவன்" என்றா பக்கத்து வீட்டு மாமி. அது வயசான ஆக்களை விழுத்தும், தடுமாற்றத்தையும் கூட்டும் என்று டொக்டர் மறித்துவிட்டார். அவர் சொன்ன மிச்சம் ஒன்றும் மருந்தே இல்லை: இருட்ட முதல் லைற்றைப் போடுங்கோ, பகலில் கனநேரம் படுக்க விடாதேங்கோ, எதிர்த்துக் கதைக்காதேங்கோ.

கடைசிதான் எனக்குக் கஷ்டம். "சண்டை 2009இலயே முடிஞ்சுது அம்மம்மா" என்றால், "ஆர் சொன்னது? றேடியோவிலயோ?" என்று கேட்டுவிட்டு அழுவா. இப்ப நானும் சேர்ந்து பை கட்டுறன். முற்றத்தை ரெண்டு தரம் சுற்றி நடப்பம். கிணற்றடிக்கு வந்ததும் "பாலம் தாண்டியாச்சு" என்பன். பையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்பா.

கம்பஸில் நினைவுகூரல் பற்றி ஒப்படை எழுதுறன், மறக்கக்கூடாது என்று பக்கம் பக்கமாக. வீட்டில், அம்மம்மா அந்த இரவை எப்ப மறப்பா என்று பார்த்துக்கொண்டிருக்கிறன். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நேற்று பாலம் தாண்டின பிறகு பையை வைக்கவில்லை. "பின்னால வந்த ஐயாவைக் காணேல்லை. நிண்டு பாப்பமோ?"

ஐயா எண்டால் அவாவின்ர தகப்பன். அவர் கொடிகாமம் வந்து சேர்ந்தாரா என்று எங்கட வீட்டில் ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நுளம்பு கடிக்கக் கடிக்கக் கிணற்றடியிலேயே நின்றோம்.