ஆக்டேவியா பட்லர்: நோட்டில் குறித்தவை

அறிவியல் புனைகதை எழுத்தாளர். பிறந்தது 1947, கலிபோர்னியாவின் பாசடீனா நகரம். கறுப்பினக் குடும்பம். அப்பா இவருடைய சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தார். கூடவே போன சிறுமி, அம்மா பின்வாசல் வழியாக நுழைவதையும், எதிரில் ஆளே இல்லாததுபோல அவரைப் பற்றி அங்கே பேசிக்கொள்வதையும் பார்த்து வளர்ந்தாள். அந்த வீட்டுக்காரர்கள் தூக்கிப் போட்ட புத்தகங்களை அம்மா மகளுக்காக எடுத்து வருவார்.

வளர்ந்த பட்லர் பாத்திரம் கழுவினார், கிடங்கில் வேலை பார்த்தார், உருளைக்கிழங்கு சிப்ஸின் தரம் பார்த்தார். அதிகாலை 2 மணிக்கு எழுந்து எழுதிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். படிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் டிஸ்லெக்ஸியா வேறு. முதல் நாவல் வெளிவர 1976 ஆகிவிட்டது.

'கிண்ட்ரெட்' (1979). லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த ஆல்டடீனாவில் புதுவீட்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்கும் டேனா, அடிமை முறை நிலவிய மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். கால இயந்திரம் கிடையாது, விளக்கமும் கிடையாது. பண்ணை முதலாளியின் மகன் ரூஃபஸின் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள்தான் காப்பாற்றியாக வேண்டும். அவன் அவளுடைய மூதாதை. வாரிசு பிறக்குமுன் அவன் செத்தால் இவள் வம்சமே இல்லை. அவன் வளர வளரக் கொடியவனாகிறான். கடைசிமுறை திரும்பும்போது அவளது இடது கையைச் சுவர் பிடித்துக்கொள்கிறது. அந்தக் காலத்திலிருந்து யாரும் முழு உடம்போடு மீள முடியாது என்பதை இதைவிட நேராகச் சொல்ல வழியில்லை.

இந்த நாவலின் வித்து ஒரு கல்லூரிப் பேச்சு. கூடப் படித்த கறுப்பின இளைஞர் ஒருவர், இத்தனை காலம் பணிந்தே போன மூத்த தலைமுறையைக் கொன்றுவிடத் தோன்றுகிறது என்றாராம். பட்லருக்குத் தன் அம்மா நினைவுக்கு வந்தார். அவர் தலைகுனிந்து வேலை செய்ததால்தான் மகள் சாப்பிட்டாள். அந்தப் பணிவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று காட்டவே, இந்தக் காலத்துப் பெண்ணை அந்தப் பண்ணைக்கு அனுப்பினார். பணிந்தவர்களைக் கோழைகள் என்று தீர்ப்பு எழுதும் அவசரம் எங்கும் உண்டு. அதனால்தான் இந்த நாவலை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

1995இல் மெக்கார்தர் விருது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை.

'பேரபிள் ஆஃப் தி சோவர்' 1993இல் வந்தது. கதை தொடங்கும் ஆண்டு 2024: பொய்த்த மழை, எரியும் ஊர்கள், மதிலுக்குள் ஒடுங்கிய தெருக்கள். தீர்க்கதரிசி என்கிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. செய்திகளை ஊன்றிப் படித்து, நாம் கண்டும் காணாமல் விட்டவை முற்றினால் என்னாகும் என்று யோசித்தவர் அவர்.

2006இல், 58 வயதில் மறைந்தார். 'பேரபிள்' வரிசையின் மூன்றாவது நாவல் முடியவில்லை. திரும்பத் திரும்பத் தொடங்கிக் கைவிட்ட அதன் பக்கங்கள், பாசடீனாவை ஒட்டிய ஹண்டிங்டன் நூலகத்தில் அவருடைய மற்றக் காகிதங்களோடு இருக்கின்றன.