வண்டிக்கு வாரண்டி வேண்டுமா?



தலைநகரின் மந்திர் மார்க் சாலை உங்களில் பலருக்கு அறிமுகமானதே. 1939-ஆம் ஆண்டு காந்தியடிகள் திறந்து வைத்த பிர்லா மந்திர் அங்கே இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் அதே சாலையில்தான் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், என் மகளுக்காக அப்பள்ளி வாசலில் காத்து நின்றபோது, கையில் நான்கு பக்கத் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு நான் பெரிதும் குழம்பினேன். அந்தக் குழப்பத்தையும் அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தாயாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்யவேண்டியிருந்தது. விடியற்காலையில் ஆட்டோ கிடைப்பது அரிது. கிடைத்தாலும், சிகிச்சை முடிந்து களைத்திருக்கும் அவர்களை அதில் அழைத்து வருவது துன்பமாயிருந்தது. ஆகவே பழைய கார் ஒன்று வாங்கத் தீர்மானித்து, சேமிப்பைத் திரட்டிக்கொண்டு கரோல் பாக் பகுதிக்குச் சென்றேன். விற்பனையாளர் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று, 2014-இல் பதிவான பெட்ரோல் வண்டி. 1,08,000 கிலோமீட்டர் ஓடியது. விலை 2,35,000 ரூபாய். மற்றொன்று, 2015 ஜூலையில் பதிவான டீசல் வண்டி, 1,40,000 கிலோமீட்டர் ஓடியது, விலையோ குறைவு. அதற்கு இரண்டாண்டு வாரண்டி இலவசம் என்றார். பெட்ரோல் வண்டிக்கு ஓராண்டு வாரண்டி வேண்டுமானால் 19,500 ரூபாய் கட்டவேண்டும்.

"அங்கிள்ஜி, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் என்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி என் உள்ளத்தைத் தைத்தது. வாரண்டி வாங்கச் சொல்லுகிறவர் முதலில் நம்முடைய பயத்தைத்தான் தொடுகிறார் என்பதை அன்று நான் உணரவில்லை.

நல்லவேளையாக, பணம் கட்டுமுன் நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். பள்ளி வாசலில் நின்று வரிவரியாய் வாசித்தேன். என்ஜினின் உட்பாகங்களும் கியர் பெட்டியின் உட்பாகங்களும் மட்டுமே அதில் அடங்கும். கிளட்ச், பிரேக், பேட்டரி, டயர், ரப்பர் குழாய்கள், ஏசி வாயு ஆகியவை "தேய்மானப் பொருள்கள்" என்று விலக்கப்பட்டிருந்தன. முதல் முப்பது நாள் எந்தக் கோரிக்கையும் செல்லாது. வாங்கும்போதே இருந்த குறைக்கு ஈடு இல்லை. அவர்கள் குறித்த பட்டறையில், குறித்த கிலோமீட்டருக்குள் சர்வீஸ் செய்து, ரசீது வைத்திருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓராண்டில் 40,000 ரூபாய்க்கு மேல் தரமாட்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் முதலில் கெடுவது எது? தேய்ந்துபோகிற பாகங்கள்தானே? அடிக்கடி கெடுபவற்றை விலக்கிவிட்டு, அரிதாய்க் கெடுபவற்றைக் காப்பதற்கே நம்மிடம் பணம் கேட்கிறார்கள். அந்தப் பணத்திலும் தரகருக்கு ஒரு பங்கு, வரிக்கு ஒரு பங்கு, நடத்துகிறவரின் செலவுக்கும் இலாபத்துக்கும் ஒரு பங்கு போய்விடும். எஞ்சியதில்தான் பழுதுகளுக்குக் கொடுக்கவேண்டும். ஆகையால் வாரண்டி வாங்குகிற எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால், கட்டிய தொகையைவிடக் குறைவாகவே அவர்களுக்குத் திரும்பி வரும். இது ஏமாற்று அல்ல. அந்த வியாபாரத்தின் கணக்கே அதுதான்.

இன்னொன்றும் என் நினைவுக்கு வந்தது. குர்கானில் வசிக்கும் என் மைத்துனர், சில ஆண்டுகளுக்கு முன் இப்படியே ஒரு பழைய வண்டியை 28,000 ரூபாய் வாரண்டியுடன் வாங்கினார். எட்டாம் மாதம் கியர் பெட்டி உடைந்தது. ஒரு சர்வீஸை 1,400 கிலோமீட்டர் தாமதமாக, அதுவும் தெருமுனைப் பட்டறையில் செய்தார் என்று காரணம் காட்டிக் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்திலிருந்து 46,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். "தாளை நான் வாசிக்கவே இல்லை, மாப்பிள்ளை" என்று அவர் சொன்ன வார்த்தை என் செவியில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அந்த டீசல் வண்டியின் காரியத்தையும் சொல்லவேண்டும். தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் மறுக்கப்பட்டு, சில நாள்களிலேயே அந்த நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தந்தது. டிசம்பர் 17-இல் அந்த நிவாரணத்தை பி.எஸ்.4-உம் அதற்கு மேற்பட்ட தரமும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆனாலும் குளிர்காலத்தில் காற்று மாசு கடுமையாகும் நாள்களில் பி.எஸ்.4 டீசல் கார்கள் ஓடத் தடை வருவதுண்டு. அப்படியானால், நான்கே மாதத்தில் பத்து வயது நிறையப்போகும் வண்டிக்கு இரண்டாண்டு வாரண்டி எதற்கு? இயந்திரக் கோளாற்றுக்கு வாரண்டி உண்டு. சட்டம் தடுத்தால் அதற்கு ஈடுதரும் வாரண்டி எங்கும் இல்லை.

பின்பு நான் செய்தது இதுதான். கோல் மார்க்கெட் பகுதியில் எனக்குத் தெரிந்த மிஸ்திரி ஒருவருக்கு 1,200 ரூபாய் கொடுத்து, பெட்ரோல் வண்டியைப் பார்க்க அழைத்துச் சென்றேன். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே அவர் அதை இயக்கினார். புகையின் நிறத்தைப் பார்த்தார். ஆயில் மூடியைத் திறந்து, தண்ணீர் கலந்த வெண்மை படிந்திருக்கிறதா என்று சோதித்தார். மிதிகளின் ரப்பர் தேய்வும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரும் ஒத்திருக்கின்றனவா என்று ஆராய்ந்தார். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பழைய சர்வீஸ் விவரங்களைக் கேட்டு ஒப்பிட்டோம். என்ஜின் நலம்; கிளட்ச் மட்டும் முடியும் தறுவாயில் இருக்கிறது என்றார். அதைச் சொல்லி விலையில் 8,000 ரூபாய் குறைத்தோம். வாரண்டிக்கென்று கேட்ட 19,500 ரூபாயை, "வண்டிப் பணம்" என்று தனியே ஒரு வங்கிக் கணக்கில் போட்டேன்.

ஓராண்டு கடந்துவிட்டது. கிளட்சுக்கு 9,200, பேட்டரிக்கு 4,600, ரேடியேட்டர் குழாய்க்கும் கூலண்டுக்கும் 1,900; ஆக 15,700 ரூபாய் செலவாயிற்று. இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த வாரண்டி பயன்பட்டிருக்காது. கணக்கில் இன்னும் 3,800 ரூபாய் இருக்கிறது. தாயாரின் சிகிச்சை ஒருநாளும் தவறவில்லை. என்ஜின் உடைந்திருந்தால் என் கணக்கு வேறாயிருந்திருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்ளுகிறேன்.

அப்படியானால் வாரண்டி யாருக்குமே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். தயாரித்த கம்பெனியின் வாரண்டி இன்னும் முடியாத வண்டியானால், அதைக் கம்பெனியிடமே நீட்டித்துக்கொள்வது பெரும்பாலும் நல்லது. எடுத்துக்காட்டாக, மாருதி நிறுவனம் 2024 ஜூலை முதல் தன் புதிய கார்களுக்கு மூன்றாண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. அதை ஆறாண்டு வரை நீட்டிக்கவும் வழியுண்டு. திடீரென்று 50,000 ரூபாய் செலவு வந்தால் கந்துவட்டிக்குப் போகவேண்டிய நிலையில் இருப்பவருக்கும், நிபந்தனைகள் நியாயமாயிருந்தால், வாரண்டி பயன்படலாம். ஆனால் வாடகைக்கு ஓட்டுகிறவர்களே, வாடகை வண்டிக்கு அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரண்டியையும் இன்சூரன்ஸையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும் உரியது. தானாய்க் கெடும் இயந்திரத்துக்கு அல்ல. மழையில் மிண்டோ பாலத்தடியில் தண்ணீர் புகுந்து என்ஜின் கெட்டால் வாரண்டி உதவாது. இன்சூரன்ஸில் அதற்கெனத் தனிப்பாதுகாப்பு எடுத்திருக்கவேண்டும். வாரண்டி வாங்கியும் அநியாயமாய் மறுக்கப்பட்டவர்கள் சோர்ந்துபோகவேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணமும் இல்லை.

பிரியமானவர்களே, ஊரை விட்டு வந்து, வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அது. பயத்தினால் கையெழுத்திடாதிருங்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுவதும் வாசியுங்கள். வண்டி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மாதந்தோறும் சிறிது பணத்தை வண்டிக்கென்று எடுத்து வையுங்கள். எவரும் மறுக்கமுடியாத வாரண்டி அதுவே.