சூனியம் என்றால் வெறுமை

ஆங்கிலக் கதையில் 'விட்ச்' என்ற சொல் வந்தால் கூர்த்தொப்பியும் துடைப்பமுமாக ஒரு கிழவியைத்தான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தமிழில் 'சூனியக்காரி' என்கிறோம். இவ்விரு சொற்களும் வந்த வழியை நம் தாய்மார்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய ஆங்கிலத்தில் மந்திரம் செய்யும் ஆணுக்கு 'விச்சா', பெண்ணுக்கு 'விச்சே' என்று பெயர். நாளடைவில் கடைசி எழுத்துகள் தேய்ந்து இரண்டும் 'விட்ச்' ஆயின. சொல் ஒன்றானது, பழியோ பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. 1692-இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் இந்தப் பழி சுமந்து தூக்கிலிடப்பட்ட 19 பேரில் 14 பேர் பெண்கள்.

'சூனியம்' வடமொழியிலிருந்து வந்தது. வெறுமை, ஒன்றுமில்லாதது என்பது அதன் பொருள். கணக்கில் வரும் பூச்சியமும் அதுவே. அரபியர் அதைத் தம் மொழியில் 'சிஃபர்' என்றனர்; அதிலிருந்தே ஆங்கில 'சீரோ' பிறந்தது. உலகத்துக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்தச் சொல், நம் லயங்களில் ஏழைப் பெண்களை ஏசும் சொல்லாகவும் ஆயிற்று.

மம்பாவ் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தில் கணவனை இழந்த பாட்டி ஒருவர் இருந்தார். அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. "எல்லாம் அந்தக் கிழவி செஞ்ச வேலை" என்றார் ஒருவர். மறுநாளே குழாயடியில் பாட்டியோடு பேச ஆளில்லை. அவர் பேரனோடு விளையாட எங்களையும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து டிங்கி என்றார்கள். குழந்தை பிழைத்தது, பாட்டிக்கு வைத்த பெயர் மட்டும் போகவில்லை. கடைசியில் அவர் மகள் வீட்டுக்கே போய்விட்டார்.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் சுட்னி மகதோ என்ற பெண்மணிக்கு 1995-இல் இதைவிடக் கொடுமை நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் நோயுற்றதற்கு இவரே காரணம் என்று ஊரார் அடித்தார்கள். உயிர் தப்பியவர், தம்மைப் போன்ற பெண்களைக் காப்பாற்றுவதையே தொண்டாகக் கொண்டார். 2021-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. ஒருத்தியைச் சூனியக்காரி என்று காட்டிக்கொடுப்பதே அங்கே 2001 முதல் குற்றம்.

தாய்மார்களே, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். யாராவது பக்கத்து வீட்டைக் கைகாட்டினால், "நீ கண்ணால் கண்டாயா?" என்று அங்கேயே கேளுங்கள். பிள்ளைகள் காதிலும் அந்தக் கேள்வி விழட்டும்.