ஒரே மேசை, இரண்டு பென்ஷன்

எங்கள் பரிசோதனைக்கூடத்தை இனி வேறு நிறுவனம் நடத்தும் என்று கடிதம் வந்தபோது, இரத்தக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். லண்டன் மருத்துவமனை ஒன்றில் எட்டு வருட வேலை. வேலையே போய்விடுமோ என்றுதான் முதலில் பயந்தேன். அப்படியில்லை. 2006-ஆம் ஆண்டின் டியூப்பி விதிகளின்படி சம்பளம், விடுமுறை, சேவைக்காலம் எல்லாம் புதிய முதலாளியிடம் நம்மோடு வரும்.

ஆனால் நிறுவனம் நடத்தும் பென்ஷன் திட்டம் அப்படி முழுதாக வராது. யூனியன்காரர் சொல்லித்தான் தெரிந்தது. (பென்ஷன் கடிதங்களை நான் பிரிப்பதே இல்லை. உங்களில் எத்தனை பேர் பிரிக்கிறீர்கள்?)

பக்கத்து நாற்காலி அக்கா என்.எச்.எஸ்.-இலிருந்து மாற்றப்பட்டவர். 2013-இல் அரசு புதுப்பித்த ஃபேர் டீல் ஏற்பாட்டால் அவருக்கு என்.எச்.எஸ். பென்ஷன் தொடர்கிறது, ஒவ்வொரு வருடச் சம்பளத்திலும் 54-இல் ஒரு பங்கு வருடாந்தரப் பென்ஷனாகச் சேரும். நான் பிறகு ஒப்பந்த நிறுவனத்திலேயே சேர்ந்தவன். இப்போது முதலாளி எனக்குப் போடுவது சட்டம் கேட்கும் 3 சதவீதத்தைவிடச் சற்று அதிகம். அந்த அதிகம் நிலைக்குமா என்பதுதான் என் கவலை. இருவருக்கும் ஒரே வேலை, ஒரே இரவு ஷிப்ட்.

கூட்டத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பொறாமையும் இருந்தது, மறைக்கவில்லை. "தம்பி, உன் கேள்வியை எழுதித் தா, நான் கேட்கிறேன்" என்றார் அக்கா. எழுந்து கேட்டார். இரண்டு வாரத்தில் எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார்கள்.

அன்றிரவு ஜெபம் முடிந்ததும் மனைவியும் நானும் பழைய கடிதங்களை மேசையில் பரப்பினோம். ஆறு கவர்கள் பிரிக்காமலே கிடந்தன.