எல்லாத் தீயும் ஒன்றல்ல

கப்பலூர்ப் பக்கம் நெல் அறுப்பு முடிந்தால், தாளைக் கொளுத்துவதா, மடக்கி உழுவதா என்ற பேச்சு வந்துவிடும். ‘தீ வச்சாத்தான் பூச்சி போகும்’ என்பார் அப்பா. ‘மண்புழுவும் சேர்ந்துதானே போகுது’ என்பார் மகன். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. எங்கே, எப்போது, எந்த வேகத்தில் எரிகிறது என்பதைப் பொறுத்தே தீயின் பலன்.

காட்டிலும் இதே வழக்குதான். சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில், கோடையின் தொடக்கத்திலேயே சோளகர்கள் சருகுக்குத் தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’ என்று பெயர். சருகு அதிகம் சேராத நேரம் என்பதால், தீ தரையோடு ஓடி அணைந்துவிடும். பிறகு புதுப்புல் துளிர்க்கும். 1970-களில் அந்த மலை சரணாலயமானது. இந்தத் தீயும் நின்றது. அதன்பிறகுதான் உண்ணிச்செடி பரவியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்கிறார்கள் சோளகர்கள். 1997-லும் 2008-லும் ஆய்வாளர்கள் அளந்தபோது, உண்ணிச்செடி காணப்பட்ட இடங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. ‘அடிக்கடி பற்றும் தீதான் உண்ணிச்செடிக்கு இடம் கொடுக்கிறது’ என்ற எதிர்க்கருத்தும் ஆய்வாளர்களிடம் உண்டு. ஆனால், காய்ந்த உண்ணிப்புதர் எரிந்தால் தீ மரக்கிளை வரை ஏறும் என்பதில் சந்தேகம் இல்லை.

மேற்கே தேனி மலைகளில் நிலைமை வேறு. புல்வெளி எரிந்தாலும் மழைக்குத் துளிர்த்துவிடும். சோலைக்காடு எரிந்தால் மீள்வது கடினம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது.

இதனால்தான் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், உலக இயற்கை நிதியம், அமெரிக்காவின் நேச்சர் கன்சர்வன்சி ஆகிய மூன்றும் சேர்ந்து, 2004-ல் உலகக் காடுகளின் தீ நிலையை மதிப்பிட்டன. தீயோடு வளர்ந்த காடு, தீயைத் தாங்காத காடு, தீ பற்றுவதே அரிதான நிலம் என்று பிரித்துப் பார்த்தன. ‘எங்கும் தீயே கூடாது’ என்பதும் தவறு, ‘எங்கும் வைக்கலாம்’ என்பதும் தவறு என்பதே இதன் சாரம்.

வயல் மண் தீயோடு வளர்ந்ததல்ல. தாளைக் கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும். பூச்சியைத் தின்னும் சிலந்தியும் கருகும். தண்ணீர் கட்டித் தாளை மடக்கி உழுது, மட்கவிட்டு நடவு செய்யலாம். வரப்புப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடலாம், மிச்சத்தைத் தென்னைக்கு மூடாக்காக இடலாம்.

சோளகர் தீ வைத்தது காட்டின் பருவம் அறிந்து. வயலுக்கும் அந்த அறிவுதான் வேண்டும், தீப்பெட்டி வேண்டியதில்லை.