விரலுக்கு எட்டும் தூரத்தில்

கழுத்தைத் தொட்டுப் பார்க்க நோயாளிக்குப் பின்னால் போய் நிற்பது என் வழக்கம். விரல்களைக் குரல்வளைக்குக் கீழே பதித்து, "எச்சில் முழுங்குங்க" என்பேன். தைராய்டுக் கட்டி என்றால் விரலடியில் ஏறி இறங்கும். ஏறாமல் கல் மாதிரி நின்றால், பக்கத்துத் தசையையோ மூச்சுக்குழாயையோ பிடித்துவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

நான் பார்க்கும் வடசென்னை எர்ணாவூரில் குரல் கம்மினால் பழி ட்ரெய்லர் லாரி கிளப்பும் தூசிக்குத்தான். "புழுதி சார், தைலம் தேச்சிருக்கேன், சரியாயிடும்." பெரும்பாலும் சரியாகிவிடும்தான். கூடவே சில வாரங்களில் இரட்டிப்பான கட்டியும் இருந்தால், அன்றே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ ஜி.எச்.சுக்கோ அனுப்பிவிடுவேன்.

தைராய்டுப் புற்றுகளில் பல பொறுமையானவை. அனாபிளாஸ்டிக் வகை அப்படியில்லை. நூற்றில் ஓரிரண்டுதான், ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதம் தாண்டியதில்லை என்பது பழைய கணக்கு. கதிரியக்க அயோடின் அதனிடம் எடுபடாது. பிராஃப் வி600இ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு டாப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் இரண்டையும் சேர்த்துத் தர 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. முதல் ஆய்வில் 16 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது. இந்த நோயில் அது கேள்விப்படாத சங்கதி. ஆனால் காய்ச்சல் படுத்தும், நாளடைவில் கட்டி மருந்தையும் மீறும்.

மைக்ரோஆர்என்ஏ பற்றிய பேச்சு இங்கேதான் வருகிறது. மரபணுக்களை அடக்கிவைக்கும், ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள இந்த ஆர்என்ஏ இழையை 1993இல் ஒரு புழுவில் கண்டதற்குத்தான் ஆம்ப்ரோஸும் ருவ்கனும் 2024இல் நோபல் பெற்றார்கள். செல்களை இடம்பெயராமல் கட்டிவைக்கும் மிர்-30, மிர்-200 என்ற மைக்ரோஆர்என்ஏ குடும்பங்கள் அனாபிளாஸ்டிக் புற்றில் வற்றிப்போகின்றன. திரும்ப ஊட்டினால் பழைய மருந்தும் கூடுதலாக வேலை செய்யலாம் என்பது எதிர்பார்ப்பு. ரத்தத்தில் ஏற்றுவது லேசில்லை: வேறு புற்றுகளுக்காக மிர்-34ஐ ஏற்றிப் பார்த்த ஆய்வு, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நின்றது.

அப்படியானால் கழுத்தின் மேலேயே தடவினால் என்ன? கட்டி விரலுக்கு எட்டும் ஆழத்தில்தானே இருக்கிறது! ஆசை நியாயம்தான், தோல் சம்மதிக்க வேண்டுமே. சுமார் 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறை அது எளிதில் உள்ளே விடாது. ஈரிழை மைக்ரோஆர்என்ஏ 14,000 டால்டன் பக்கம் வரும். கொழுப்புப் பொதியில் அடைக்க வேண்டும், நுண்ணூசியால் தோலைத் துளைக்க வேண்டும். என் கணிப்பில் களிம்பைவிட, கட்டிக்குள் நேரே போடும் ஊசியோ அறுவை முடிந்த இடத்தில் வைக்கும் ஜெல்லோதான் முந்தும். அதுவும் நுரையீரலுக்குப் பரவியதைத் தொடாது. மேலே சொன்ன இரண்டு மருந்துகள் போன்ற மாத்திரையும் கூடவே வேண்டும்.

அதெல்லாம் வரும்வரை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் என் சீட்டில் "விரைவாக வளரும் கட்டி" என்று எழுதி அடிக்கோடிடுகிறேன். தடித்த ஊசியால் திசு எடுக்கும்படியும் கேட்கிறேன். மெல்லிய ஊசியில் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றையும் அனாபிளாஸ்டிக்கையும் பிரித்தறிவது சிரமம். லிம்ஃபோமாவாக இருந்தால் பலருக்கு மருந்திலேயே கட்டி கரைந்துவிடும். அனாபிளாஸ்டிக்காக இருந்தால் அதே திசுவில் பிராஃப் சோதனையும் பார்த்துக்கொள்ளலாம், இன்னொரு தடவை குத்த வேண்டியதில்லை.